இரவுப் பணியில் இளம் மருத்துவர்



வரதராஜன்பேட்டையில் நள்ளிரவு ஒரு மணிக்கு ஒரு பெரியவருக்கு நெஞ்சை அடைக்கின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்திரித் தோப்புகள் சூழ்ந்த பேரூராட்சி அது. அலங்கார அன்னை ஆலயத்தாலும் டான் பாஸ்கோ பள்ளியாலும் சுற்று வட்டாரத்தில் அறியப்பட்ட ஊர். பிள்ளைகள் 108-ஐ அழைக்கின்றார்கள். 2008 செப்டம்பர் முதல் தமிழகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் அந்த வண்டி வருகின்றது. ஜெயங்கொண்டம் அரசு மருத்துவமனையில் முதற்சிகிச்சை முடித்து, அங்கிருந்து மேல்சிகிச்சைக்காக அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புகின்றார்கள். தள்ளுவண்டி அவசர சிகிச்சைப் பிரிவினுள் நுழைகின்றது.

அந்தப் பெரியவரை நோக்கி முதலில் விரைந்து வருபவர் யார்? பேராசிரியர் அல்லர். இருபத்து மூன்று அல்லது இருபத்து நான்கு வயதுள்ள ஓர் இளைஞர், அல்லது ஓர் இளம்பெண். தேர்வில் தேறி முழுமையாகச் சில வாரங்கள்கூட ஆகியிராது. மேல்சட்டைப் பையில் சிறு குறிப்பேடு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், கண்ணில் தூக்கம், நெஞ்சில் அச்சம். உறவினர்கள் அந்த முகத்தைப் பார்த்ததும், "பெரிய டாக்டர் இல்லையா?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்த இளம் மருத்துவர் அங்கே எந்த ஆயத்தத்துடன் நிற்கின்றார் என்பதை நாம் அறிந்துகொள்வது அதனினும் நியாயமானது. ஏனெனில், தள்ளுவண்டியில் கிடப்பவர் நம் வீட்டுப் பெரியவராக இருக்கலாம்; அருகில் நிற்பவர் நம் வீட்டுப் பெண்ணாகவும் இருக்கலாம். இன்று நம் இல்லங்களிலிருந்து எத்தனை பெண் பிள்ளைகள் மருத்துவம் பயிலச் செல்கின்றார்கள் என்பதை நீங்களே அறிவீர்கள்.

நான்கரை ஆண்டுப் படிப்பு முடிந்ததும் ஓராண்டுக் கட்டாயப் பயிற்சி. நம் மருத்துவமனைகளில் அவர்களை 'ஹவுஸ் சர்ஜன்' என்று அழைப்பது பழைய வழக்கம். பயிற்சி மருத்துவர் என்பது அலுவலகப் பெயர். மாநில மருத்துவக் கழகம் அவர்களுக்குத் தற்காலிகப் பதிவு அளிக்கின்றது. அவர்களுடைய அதிகாரத்திற்கு எல்லை உண்டு. பயிற்சி மருத்துவர் மூத்த மருத்துவரின் நேரடி மேற்பார்வையில்தான் பணியாற்ற வேண்டும், தனித்து இயங்கலாகாது, மருத்துவச் சான்றிதழிலோ, இறப்புச் சான்றிதழிலோ, வழக்குத் தொடர்பான ஆவணத்திலோ தம் பெயரில் கையொப்பமிடலாகாது என்று இந்திய மருத்துவக் கழகத்தின் 1997-ஆம் ஆண்டு விதிகள் தெளிவாகவே கூறின. தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் புதிய பயிற்சி விதிகளை வெளியிட்டபோதும், மேற்பார்வையின் கீழ்ப் பயிற்சி என்னும் அடிப்படை மாறவில்லை.

விதி இவ்வாறிருக்க, இரவு வேறு விதமாக இருக்கின்றது.

பகலில் ஒரு வார்டில் பேராசிரியர் இருப்பார், உதவிப் பேராசிரியர் இருப்பார், முதுநிலை மாணவர்கள் இருப்பார்கள். ஒருவர் தவறவிட்டதை மற்றொருவர் பிடித்துக்கொள்வார். இரவில் அந்தக் கூட்டம் கலைந்துவிடும். பல வார்டுகளுக்கு ஓரிருவர் என்னும் நிலை வரும். பகலில் ஒவ்வொரு நோயாளியையும் அறிந்தவர்கள் வீடு சென்றிருப்பார்கள். இரவில் வருபவருக்கு அந்த நோயாளிகள் கேஸ் ஷீட்டில் உள்ள எழுத்துகள் மட்டுமே. செவிலியர் வந்து, "டாக்டர், பன்னிரண்டாம் படுக்கைக்கு இரத்த அழுத்தம் இறங்குகிறது" என்பார். அந்தச் சொல்லுக்கும் மருத்துவர் அந்தப் படுக்கையை அடைவதற்கும் இடைப்பட்ட சில அடி தூரத்தில், நான்கரை ஆண்டுகளில் படித்தவை அனைத்தும் மறந்துபோனதாகத் தோன்றும் என்பது மருத்துவர்கள் பலரும் சொல்லும் செய்தி.

படித்தது மறப்பதில்லை, படித்த வரிசை உதவாமல் போகின்றது. பாடநூல் நோயின் பெயரிலிருந்து தொடங்கும். பிறகு காரணம், அறிகுறி, சிகிச்சை என்று செல்லும். இரவில் வருபவரோ பெயரில்லாமல் வருகின்றார். மூச்சுத் திணறல் வருகின்றது, மயக்கம் வருகின்றது, வயிற்று வலி வருகின்றது. எனவே வரிசையைத் தலைகீழாக மாற்றிப் பழக வேண்டும். நோயின் பெயரைத் தேடுவதற்கு முன் மூச்சுப் பாதை திறந்திருக்கின்றதா, மூச்சு போதுமா, இரத்த ஓட்டம் சீராக உள்ளதா என்று அதே வரிசையில் பார்க்க வேண்டும். மயங்கிக் கிடப்பவர் எவராயினும் இரத்தச் சர்க்கரையை உடனே பார்த்துவிட வேண்டும். சர்க்கரை தாழ்ந்து மயங்கியவரைப் பக்கவாதம் என்று எண்ணி வேறு பரிசோதனைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தால் மூளை காத்திருக்காது; உரிய நேரத்தில் நரம்பு வழியே டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றினால், சற்று முன்வரை பேச்சற்றுக் கிடந்தவர் எழுந்து தண்ணீர் கேட்பார். ரமலான் மாதத்தில் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு நோன்பும் நோற்கும் நம் பெரியவர்களுக்கு இது அஸருக்குப் பின்னர் நேரக்கூடியது. அவர் நோன்பாளி என்று அழைத்து வருபவர் சொல்லாவிட்டால், பணியிலிருக்கும் இளம் மருத்துவருக்கு அது எப்படித் தெரியும்?

நம் அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்கள் வயலும் தோப்புமாக உள்ளவை. ஆதலால் பாம்புக்கடியைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இரவுப் பணிக்கு ஒருவரை ஆயத்தப்படுத்துவது என்றால் என்ன என்பதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பதரிது.

கண்ணாடிவிரியனும் சுருட்டைவிரியனும் கடித்தால் இரத்தம் உறையும் தன்மை கெடும். இதை அறிய விலையுயர்ந்த கருவி ஏதும் வேண்டா. சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்திருந்து, பின்னர் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் வழிந்தால் நஞ்சு ஏறியிருக்கின்றது. எவ்வளவு எளிது! ஆனால் அந்தக் குழாய் பிளாஸ்டிக்காக இருந்தாலோ, சோப்புத் தூள் போட்டுக் கழுவப்பட்டதாக இருந்தாலோ முடிவு தவறிவிடும். பரிசோதனையின் பெயரைத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்ற மாணவர், தம் மருத்துவமனையில் அந்தக் கண்ணாடிக் குழாய் எந்த அலமாரியில் இருக்கின்றது என்பதைப் பகலிலேயே பார்த்து வைத்திருக்கின்றாரா? ஆயத்தம் என்பது பெரும்பாலும் இவ்வளவு சிறிய கேள்விதான்.

கட்டுவிரியனின் செய்தி வேறு. அது பெரும்பாலும் இரவில், தரையில் உறங்குபவரைக் கடிக்கும். வலி அதிகமிராது, வீக்கமிராது, பல் பதிந்த தடம்கூடக் கண்ணுக்குத் தெரியாமற் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி என்று வருவார்கள். வாயுத் தொல்லை என்று எண்ணி ஊசி போட்டு அனுப்பிவிடும் அபாயம் அங்கே இருக்கின்றது. கண்ணிமைகள் தாழ்ந்திருக்கின்றனவா என்று பார்க்கத் தெரிந்தவர் தப்பினார், நோயாளியும் தப்பினார். பாராவிட்டால், சில மணி நேரத்தில் மூச்சுத் தசைகள் செயலிழக்கக்கூடும். இரவு எங்கே உறங்கினீர்கள், கட்டிலிலா தரையிலா என்னும் ஒரு கேள்வியில் உயிர் தங்கியிருக்கின்றது. இந்தக் கேள்வியை இளம் மருத்துவருக்குக் கற்றுக் கொடுப்பவர் பெரும்பாலும் அவருக்கு ஓராண்டு மூத்த ஹவுஸ் சர்ஜன்தான்.

அரியலூரின் சிறப்பான சிக்கல் இங்கேதான் தொடங்குகின்றது. 2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் பதினோரு அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்து வைக்கப்பட்டன. அரியலூர், திண்டுக்கல், கள்ளக்குறிச்சி, கிருஷ்ணகிரி, நாகப்பட்டினம், நாமக்கல், நீலகிரி, இராமநாதபுரம், திருப்பூர், திருவள்ளூர், விருதுநகர் ஆகியவை அவை. மொத்தம் 1,450 இடங்கள். அவற்றில் அரியலூருக்கு 150. அந்த முதல் அணியினரின் நான்கரை ஆண்டுப் படிப்பு 2026-ஐ ஒட்டி நிறைவுறும் கணக்கு. 1835-இல் தோன்றிய சென்னை மருத்துவக் கல்லூரியில் ஒருவர் ஹவுஸ் சர்ஜனாகும்போது, அவருக்கு முன்னே ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட ஹவுஸ் சர்ஜன்களின் பழக்கம் நிற்கின்றது. விடைபெறும் அணி புதிய அணிக்கு எல்லாவற்றையும் காட்டிவிட்டுத்தான் செல்லும்: அவசர மருந்து அலமாரியின் சாவி எந்தச் செவிலியரிடம் இருக்கும், இரத்த வங்கிப் படிவத்தில் எந்த இடம் விடுபட்டால் திருப்பி அனுப்புவார்கள், ஈ.சி.ஜி. கருவி எந்த வார்டில் இருக்கும், எந்த நேரத்தில் யாரை அழைத்தால் எடுப்பார்கள். இவை எந்தப் பாடநூலிலும் இல்லை. ஒரு கல்லூரியின் முதல் அணிக்கு இவற்றைக் காட்ட அண்ணனும் இல்லை, அக்காவும் இல்லை. புதிய கல்லூரிகளில் முதுநிலைப் படிப்புகள் வேரூன்றவும் காலம் பிடிக்கும். ஆதலால் ஹவுஸ் சர்ஜனுக்கும் உதவிப் பேராசிரியருக்கும் நடுவே இருக்க வேண்டிய படியும் மெலிந்திருக்கும்.

மேலும், 2020-இல் இயற்றப்பட்ட 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுச் சட்டத்தின் பயனாக அரசுப் பள்ளிகளிலிருந்து மருத்துவம் பயில வந்த பிள்ளைகளில் பலருக்கு, வீட்டிலோ உறவிலோ மருத்துவர் என்று எவரும் இருந்திருக்க மாட்டார். 'அத்தா, நீங்கள் முதன்முதலாக இரவுப் பணி பார்த்தபோது என்ன செய்தீர்கள்?' என்று கேட்கும் வாய்ப்பு டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு உண்டு. இவர்களுக்கு இல்லை.

இங்கிலாந்தில் இதைக் கணக்கிட்டே பார்த்திருக்கின்றார்கள். அந்நாட்டில் புதிய மருத்துவர்கள் அனைவரும் ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாத முதல் புதன்கிழமையன்று பணியில் சேர்வது வழக்கம். இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2000 முதல் 2008 வரையுள்ள விவரங்களை எடுத்து, அந்தப் புதன்கிழமையில் அவசரமாகச் சேர்க்கப்பட்டவர்களையும், அதற்கு முந்தைய வாரப் புதன்கிழமையில் சேர்க்கப்பட்டவர்களையும் ஒப்பிட்டு 2009-இல் வெளியிட்டார்கள். நோயாளிகளின் வயது முதலான வேறுபாடுகளைக் கழித்த பின்னரும், இறப்புக்கான வாய்ப்பு ஆறு விழுக்காடு கூடியிருந்தது. புதியவர்களே காரணம் என்று அவர்கள் உறுதியிட்டுக் கூறவில்லை. அந்த எச்சரிக்கையையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும். எனினும் 2012 முதல் அங்கே புதிய மருத்துவர் ஒவ்வொருவரும் பொறுப்பேற்பதற்கு முன் குறைந்தது நான்கு நாள், ஊதியத்துடன், அதே பணியிலிருப்பவரின் நிழல்போல் உடன் சென்று பழக வேண்டும் என்பது கட்டாயமாயிற்று. நான்கு நாள்தான்! ஒரு மருத்துவமனை மனம் வைத்தால் செய்ய முடியாத செலவா அது? அரியலூர் போன்ற புதிய இடத்தில் மூத்த ஹவுஸ் சர்ஜன் இல்லாவிட்டால், உதவி மருத்துவர் ஒருவருடனும், இரவுப் பணியில் பல்லாண்டு பழகிய செவிலியர் ஒருவருடனும் புதியவரை முழு இரவுகள் நிற்க வைக்கலாம். சொல்லப்போனால், இரவு வார்டின் உண்மையான ஆசிரியை அந்தச் செவிலியர்தான். 'இந்த நோயாளியின் முகம் எனக்குச் சரியாகப் படவில்லை' என்று அவர் சொன்னால், இரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தாலும் எழுந்து சென்று பார்ப்பதே அறிவுடைமை.

இனி, இக்கட்டுரையில் முதன்மையாகச் சொல்ல விரும்புவதற்கு வருகின்றேன். புதிய மருத்துவர் கற்க வேண்டியவற்றுள் மிகக் கடினமானது ஊசி போடுவதோ, குழாய் செலுத்துவதோ அன்று. மேலே உள்ளவரை அழைப்பது. நள்ளிரவு இரண்டரை மணிக்கு ஒரு பேராசிரியரைத் தொலைபேசியில் எழுப்ப இருபத்து மூன்று வயதுப் பிள்ளைக்கு நா எழாது. 'இதுகூடத் தெரியாதா?' என்று கேட்டுவிடுவாரோ? நாளைக் காலை வார்டு சுற்றின்போது எல்லார் முன்னிலையிலும் நையாண்டி செய்வாரோ? இன்னும் அரைமணி பார்க்கலாம் என்று தோன்றும். அந்த அரைமணியில்தான் நோயாளி கைவிட்டுப் போகின்றார். ஓதும் பிள்ளை தடுமாறும் இடத்தில் நிறுத்தாமல் முணுமுணுத்துக் கடந்துவிடுவது எல்லா மதரஸாவிலும் உள்ளதுதான். ஆசிரியர் கண்டிப்பானவர் என்றால் முணுமுணுப்பும் கூடும். அங்கே மறுநாள் திருத்திக்கொள்ளலாம். வார்டில் மறுநாள் இருப்பதில்லை.

இதற்கு ஓர் அழகிய ஒழுங்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. ரய், பக்தாத் நகரங்களின் மருத்துவமனைகளில் தலைமை வகித்த அபூபக்ர் அர்-ராஸீயின் அவையைப் பற்றி, பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த இப்னு அந்நதீம் தம் 'ஃபிஹ்ரிஸ்த்' நூலில் குறித்திருக்கின்றார். ராஸீ நடுவில் அமர்ந்திருப்பார். அவருக்கு அடுத்து அவருடைய மாணவர்கள்; அவர்களுக்கு அடுத்து அம்மாணவர்களின் மாணவர்கள்; அதற்கும் வெளியே மற்றும் சிலர். நோயாளி வந்து தம் நோவை முதலில் எதிர்ப்படும் வெளி வட்டத்தினரிடம் சொல்வார். அவர்களுக்குத் தெரிந்தால் அங்கேயே முடிந்தது. தெரியாவிட்டால் அடுத்த வட்டத்திற்குச் செல்லும். எவருக்கும் பிடிபடாததை இறுதியில் ராஸீயே ஏற்றுப் பேசுவார். வெளி வட்டத்து மாணவர் 'எனக்குத் தெரியவில்லை' என்று அடுத்த வட்டத்திற்கு அனுப்புவது அங்கே இழுக்கன்று, அதுவே அவைமுறை. பின்னர் அதே நூற்றாண்டில் பக்தாதில் எழுந்த அளுதீ மருத்துவமனையில் ஜிப்ரீல் என்னும் மருத்துவருக்கு வாரத்தில் இரண்டு பகலும் இரண்டு இரவும் முறைப்பணி இருந்ததாக மருத்துவர் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஆக, இரவு முறையும் புதிதன்று. மேலே கேட்கும் முறையும் புதிதன்று.

இன்று அந்த அழைப்பை எப்படிச் செய்வது என்பதற்கே பயிற்சி அளிக்கின்றார்கள். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தோன்றி, பின்னர் கைசர் பெர்மனென்ட்டே மருத்துவமனைகளின் வழியாக உலகெங்கும் பரவிய ஒரு முறை உண்டு. நான்கு படிகள்: இப்போதைய நிலைமை, நோயாளியின் பின்னணி, என் கணிப்பு, உங்களிடம் நான் வேண்டுவது. 'சார், ஒரு கேஸ் வந்திருக்கு, கொஞ்சம் சீரியஸா இருக்கு' என்று தொடங்கினால் உறக்கத்திலிருப்பவருக்கு ஒன்றும் விளங்காது, எரிச்சல்தான் வரும். 'சார், அறுபது வயது ஆண், அரைமணியாக மூச்சுத் திணறல், ஆக்சிஜன் அளவு எண்பத்தைந்து. சர்க்கரை நோயாளி, மூன்றாண்டுக்கு முன் மாரடைப்பு வந்தவர். நுரையீரலில் நீர் கோத்திருப்பதாக எண்ணுகிறேன். நீங்கள் வந்து பார்க்க வேண்டும்' என்று சொன்னால், அவர் சட்டையை மாட்டிக்கொண்டே பேசுவார். கடைசி வாக்கியம்தான் இளையவர்களின் வாயிலிருந்து வருவதில்லை. பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்குவதுபோல், இதையும் ஒருவரை மூத்தவராகவும் ஒருவரை இளையவராகவும் நிறுத்தி வாய்விட்டுப் பழக்க வேண்டும்.

பணி மாறும்போது நோயாளிகளை ஒப்படைப்பதும் இத்தகையதே. 'எல்லாம் ஸ்டேபிள்' என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவது ஒப்படைப்பாகாது. அமெரிக்காவில் ஒன்பது மருத்துவமனைகளில் குழந்தைகள் நலப் பிரிவுகளில், ஒப்படைக்கும் முறையை ஒழுங்குபடுத்திப் பயிற்சி அளித்துப் பார்த்தார்கள். மருத்துவப் பிழைகள் 23 விழுக்காடு குறைந்ததாக 2014-இல் வெளியான முடிவுகள் தெரிவித்தன. புதிய மருந்து இல்லை, புதிய கருவி இல்லை; பேசும் முறை மட்டுமே மாறியது.

அழைப்பவரைப் பற்றியே சொல்லிக்கொண்டிருக்கின்றேன். அழைக்கப்படுபவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருமுறை சீறி விழுந்தால், அந்த இளையவர் அடுத்தமுறை அழைக்க மாட்டார். மூத்தவர் சினத்தின் விலையை வேறொரு வீட்டு நோயாளி செலுத்துவார். 'எந்நேரமும் அழை, தேவையின்றி அழைத்தாலும் கோபிக்க மாட்டேன்' என்று பயிற்சியின் முதல் நாளிலேயே பெயர் சொல்லி அறிவிக்கும் பேராசிரியர்கள் இருக்கின்றார்கள். அத்தகையோரின் யூனிட்டுக்கு ஹவுஸ் சர்ஜன்கள் போட்டியிட்டுக்கொண்டு செல்வதில் வியப்பில்லை.

மாணவர்கள் பக்கமும் ஒரு குறை உண்டு. முதுநிலை நுழைவுத் தேர்வுக்கான படிப்பு இந்த ஓராண்டைப் பெரிதும் தின்றுவிடுகின்றது. வார்டில் கையெழுத்திட்டுவிட்டு நூலகத்துக்கு நழுவுவோர் எல்லாக் கல்லூரிகளிலும் இருக்கின்றனர். பெற்றோர்களும் 'பி.ஜி. சீட்டுக்குப் படி' என்று அதற்கு ஊக்கமளிக்கின்றார்கள். பிற்காலத்தில் பெயருக்குப் பின்னே எத்தனை எழுத்துகள் சேர்ந்தாலும், மேற்பார்வையில் நின்று கற்க வாய்த்த இந்த ஓராண்டு மீண்டும் வாராது.

இனி உறக்கம். 1984 மார்ச் 5 அன்று நியூயார்க் மருத்துவமனையில் லிபி சையன் என்னும் பதினெட்டு வயதுப் பெண் இறந்தாள். முதல்நாள் இரவு காய்ச்சலும் நடுக்கமுமாகச் சேர்க்கப்பட்டவள். அவளைக் கவனித்தவர்கள் பயிற்சியிலிருந்த இரு இளம் மருத்துவர்கள். அவர்களில் இளையவரின் பொறுப்பில் அன்றிரவு வேறு பல நோயாளிகளும் இருந்தனர். அவள் ஏற்கெனவே உட்கொண்டுவந்த ஃபெனெல்சின் என்னும் மனநல மருந்துடன் சேரக்கூடாத பெத்திடின் ஊசி அவளுக்குப் போடப்பட்டது. தந்தை சிட்னி சையன் பத்திரிகையாளர், விடாமல் போராடினார். அதன் விளைவாக 1989-இல் நியூயார்க் மாநிலம், பயிற்சி மருத்துவர்கள் வாரத்திற்கு 80 மணி நேரத்துக்கு மேலும், தொடர்ச்சியாக 24 மணி நேரத்துக்கு மேலும் பணியாற்றலாகாது என்று விதித்தது. நம் நாட்டிலும் சட்டம் பின்தங்கவில்லை. உறைவிட மருத்துவர்களின் தொடர் பணி சாதாரணமாக 12 மணி நேரத்தையும், வாரப் பணி 48 மணி நேரத்தையும் மீறலாகாது என்று நடுவண் அரசு 1992-இலேயே ஆணையிட்டது. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த குழு 2024-இல் வாரம் 74 மணி நேரம் என்னும் வரம்பைப் பரிந்துரைத்தது. நாற்பத்தெட்டு என்று எழுதி வைத்து முப்பதாண்டுகளுக்குப் பின் எழுபத்து நான்கையாவது கடைப்பிடியுங்கள் என்று கேட்க வேண்டியிருக்கின்றது என்றால், நடப்பில் எவ்வளவு என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் 2024 ஆகஸ்ட் 9-ஐ மறந்திருக்க மாட்டார்கள். கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில், நீண்ட தொடர் பணிக்கு இடையே கருத்தரங்க அறையில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த இளம் மருத்துவர் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். படுத்துறங்க உள்ளே தாழிடக்கூடிய ஓர் அறை இருந்திருக்க வேண்டும். அதே மாதம் 20-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தேசிய அளவிலான குழு ஒன்றை அமைத்தது. மகளை ஹவுஸ் சர்ஜனாக அனுப்பும் பெற்றோர், கல்லூரி நிருவாகத்திடம் இரவுப் பணியில் பெண்களுக்குத் தனி ஓய்வறை உண்டா, அதற்கு உள்தாழ்ப்பாள் உண்டா, விடுதிக்குச் செல்லும் வழியில் விளக்கு உண்டா என்று நேரில் கேட்கலாம். கேட்க வேண்டும். அச்சத்தால் மகளின் படிப்பைக் குறைத்துக்கொள்வதைவிட, இந்த மூன்று கேள்விகளைக் கேட்பது மேலானது.

வீட்டில் செய்யக்கூடியவையும் உண்டு. அமெரிக்கப் பயிற்சி மருத்துவர்களிடம் நடத்தி 2005-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நீண்ட தொடர் பணி முடிந்து வாகனம் ஓட்டிச் செல்லும்போது விபத்து நேரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. ஆகையால் இரவுப் பணி முடித்த பிள்ளை இருசக்கர வாகனத்தில் ஊர் திரும்ப வேண்டா. பேருந்தில் வரட்டும், அல்லது யாரேனும் சென்று அழைத்து வாருங்கள். வந்ததும் விருந்தினரிடம் உட்கார வைத்துப் பேச வைக்காதீர்கள். இருட்டிய அறையில் உறங்க விடுங்கள். பணி நேரத்தில் 'சாப்பிட்டாயா?' என்று கேட்க நான்குமுறை தொலைபேசியில் அழைக்கும் தாய்மார்களின் அன்பு புரிகின்றது. ஒரு செய்தி அனுப்பிவிட்டு விட்டுவிடலாம். நோயாளி ஒருவர் தம் கையிலேயே இறந்துபோன இரவுக்குப் பின் பிள்ளை பேசாமல் சுருண்டு கிடந்தால், 'டாக்டருக்கு இதெல்லாம் சகஜம்' என்று கூறிக் கடந்துவிடாதீர்கள். அருகில் உட்காருங்கள். சொல்ல வேண்டியதை அவரே சொல்லுவார்.

நோயாளியுடன் செல்பவர்களாக நாம் செய்ய வேண்டியது அதிகமில்லை. பழைய மருந்துச் சீட்டுகளையும், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு வீட்டில் ஒரே இடத்தில் வையுங்கள். புறப்படும்போது அந்தப் பை கூடவே வரட்டும். லிபி சையனின் வரலாறு நினைவிருக்கட்டும். எந்த மருந்து எந்த மருந்துடன் சேராது என்பதை முன்பின் அறியாத ஒருவர் நள்ளிரவில் தீர்மானிக்க வேண்டியிருக்கின்றது. எந்த மருந்து ஒவ்வாது என்பதையும், கடைசியாக எப்போது உண்டார் என்பதையும் அறிந்த ஒருவர் மட்டும் மருத்துவரிடம் பேசட்டும். பத்துப் பேர் தள்ளுவண்டியைச் சூழ்ந்துகொண்டு பத்து விதமாகச் சொன்னால், வரிசையாகச் சிந்திக்கப் பழகிக்கொண்டிருக்கும் அந்த இளம் மனம் கலைந்துவிடும். மருத்துவரைத் தாக்குவது தமிழகத்தில் 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்பதை இளைஞர்களுக்குச் சொல்லி வைப்பதும் நன்று. 'பெரிய டாக்டரிடம் பேசினீர்களா?' என்று பணிவுடன் கேளுங்கள். அழைக்கலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருப்பவருக்கு அந்தக் கேள்வியே துணிவாக அமையும்.

அரியலூரிலும் அதனோடு பிறந்த மற்றப் பத்துக் கல்லூரிகளிலும் முதல் அணியினர் செய்யக்கூடிய ஒரு பணி இருக்கின்றது. அவர்களுக்குப் பின்வருபவர் எவராலும் அதை முதலாவதாகச் செய்ய முடியாது. ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு குறிப்பேடு எழுதலாம். எந்த மருந்து எந்த அலமாரியில், கண்ணாடிக் குழாய் எங்கே, பாம்புக்கடி முறிமருந்து இரவில் யாரிடம் கேட்க வேண்டும், இரத்த வங்கிப் படிவத்தை எப்படி நிரப்புவது, குழந்தைகளுக்கு எடைக்கேற்ற மருந்தளவு எவ்வளவு, தரையில் உறங்கினாரா என்று யாரிடம் கேட்க மறக்கலாகாது என்பன எல்லாம் அதில் இடம்பெறலாம். மூத்த மருத்துவர் ஒருவர் அதைப் பார்த்துத் திருத்திக் கொடுக்கட்டும். முதல் பக்கத்தில், இரவு எந்நேரமும் அழைக்கலாம் என்று இசைவு தந்த மருத்துவர்களின் பெயர்களும் தொலைபேசி எண்களும், அவரவர் கையொப்பத்துடன்.